ஏரிக்கரை வகுப்பறை

நுழையும்முன்

தொலைதூரக் காடுகள் எரிவதையும் துருவப் பனி உருகுவதையும் நாம் அறிவோம். நம் ஊர் ஏரிக்கு எந்த வாய்க்கால் வழியாக நீர் வருகிறது என்பதை அறிவோமா? இயற்கையையும் அதற்கு இசைந்த வாழ்வையும் ஊருக்குள்ளேயே நடந்து, பார்த்து, கேட்டுக் கற்கும் முயற்சிகள் தமிழகத்தில் பல இடங்களில் நடைபெறுகின்றன. அவை ஏன் ஒவ்வோர் ஊரிலும் நிகழவேண்டும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சுற்றுச்சூழல் கல்வி நம் நாட்டுப் பள்ளிகளுக்குப் புதியதன்று. எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழலைப் பாடமாகக் கற்பிக்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1991-இல் அறிவுறுத்தியது. 2001-ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் தேசியப் பசுமைப்படை செயல்பட்டு வருகிறது. ஓசோன் படலம், பசுங்குடில் விளைவு, பல்லுயிர்ப் பெருக்கம் ஆகியவை பற்றி ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுத இன்றைய மாணவரால் முடியும். அதே மாணவரிடம் பள்ளி வாயிலில் நிற்கும் மரத்தின் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் மௌனமே விடையாகிறது. அந்த மரம் எப்போது பூக்கும், அதன் கனியை எந்தப் பறவை தின்னும், அதன் நிழலில் கடை வைத்திருப்பவர் யார் என்று எவரும் அவரைக் கேட்டதில்லை. ஆதலால் அவரும் அறியவில்லை. குறை மாணவரிடம் இல்லை. இயற்கை என்றாலே எங்கோ தொலைவில் இருப்பது என்று நாம் கற்பித்துவிட்டோம்.

இக்குறையைப் பாடநூலின் பக்கங்களைக் கூட்டித் தீர்க்கமுடியாது. ஊர்தோறும் ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் வயல்வெளியிலும் நடத்தப்படும் எளிய வகுப்புகளே அதற்குத் தீர்வு. அவை விடுமுறைநாள் பொழுதுபோக்காக நின்றுவிடாமல் கல்வியின் ஒரு பகுதியாகவே அமையவேண்டும் என்பது என் கருத்து.

பெயரறிதல் என்னும் முதற்படி

நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மரம், பூ, பறவை, விலங்கு, தொழில், உணவு ஆகியவற்றைக் கருப்பொருள் என்று வகுத்தவர்கள் நம் முன்னோர். மனிதர் உண்ணும் உணவையும் செய்யும் தொழிலையும் அந்நிலத்தின் பறவை, விலங்குகளோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணிய சிந்தனை அது. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கிச் சொல்லப்படுகின்றன. அவற்றைச் சொன்ன புலவரும் கேட்டவர்களும் அப்பூக்களைக் கண்டவர்கள், முகர்ந்தவர்கள், சூடியவர்கள்.

இன்று அந்தத் தொண்ணூற்றொன்பதையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் நினைவாற்றல் பாராட்டத்தக்கது. ஆயினும் அவற்றுள் பத்துப் பூக்களையேனும் செடியில் கண்டு சொல்லமுடியாவிட்டால், நம்மிடம் சொற்பட்டியல் மட்டுமே எஞ்சியிருக்கிறது என்று பொருள். பெயர் தெரியாத ஒன்று காணாமற்போனால் அதன் இழப்பை நாம் உணர்வதில்லை. வேலியோரத்தில் பூத்த ஒரு கொடி சாலை விரிவாக்கத்தில் அழிந்தால், அதனை அறிந்தவருக்கே அது செய்தி. அறியாதவருக்கு அங்கே வெறும் புதர் அகற்றப்பட்டது. எனவே ஊர்வகுப்பின் முதல் வேலை, நம்மைச் சுற்றியிருக்கும் உயிர்களை நமக்கு அறிமுகம் செய்துவைப்பதே ஆகும்.

கடற்கரையில் ஓர் இரவுப் பாடம்

சென்னைக் கடற்கரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆண்டுதோறும் சனவரி முதல் மார்ச்சு, ஏப்பிரல் வரையுள்ள மாதங்களில் பங்குனி ஆமைகள் அங்கே கரையேறி முட்டையிடுகின்றன. 1970-களில் ஆர்வலர் சிலர் இரவில் கடற்கரையோரம் நடந்து அம்முட்டைகளைப் பாதுகாக்கத் தொடங்கினர். பின்னர் 1988-இல் மாணவர்கள் ஒன்றுகூடி ‘மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு’ என்னும் தன்னார்வக் குழுவை உருவாக்கினர். ஒரு தலைமுறை மாணவர்கள் வேலைக்குச் செல்ல, அடுத்த தலைமுறையினர் அப்பணியை ஏற்றனர். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் தொடங்கி விடியும்வரை அவர்கள் நடக்கிறார்கள். வார இறுதி நாள்களில் பொதுமக்களும் உடன் செல்கிறார்கள்.

அந்த நடையில் கற்பவை பல. மணலில் வண்டிச்சக்கரம் உருண்டதுபோன்ற தடத்தைக் கொண்டு ஆமை ஏறிய வழியையும் இறங்கிய வழியையும் பிரித்தறியவேண்டும். தடம் கலைந்து கிடக்கும் இடத்தில் மெல்லத் தேடி, ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் குடுவை வடிவில் அமைந்த குழியைக் கண்டறியவேண்டும். அதனுள் நூறுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும். நாய்களிடமிருந்தும் மனிதரிடமிருந்தும் காப்பதற்காக அவற்றை எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். ஏறத்தாழ 45 முதல் 55 நாள்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பநிலையே முடிவு செய்கிறது. புவி வெப்பமடைதல் என்னும் பெரிய சொல், காலடியில் இருக்கும் ஒருபிடி மணலோடு தொடர்புடையது என்பது அங்கே விளங்குகிறது.

பொரித்த குஞ்சுகள் ஒளிமிகுந்த திசையை நோக்கி ஊர்கின்றன. மின்விளக்கு இல்லாத காலத்தில் விண்மீன்களையும் நிலவையும் எதிரொளிக்கும் கடலே ஒளிமிகுந்த திசையாக இருந்தது. இன்று நகரின் விளக்குகள் கடலைவிட மிகுதியாக ஒளிர்கின்றன. பாதுகாப்பார் இல்லையெனில் குஞ்சுகள் சாலைப்பக்கம் திரும்பி மடிகின்றன. ஒளியும் மாசாக முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கப்படத்தாலும் காட்டமுடியாது. அந்த நடைக்குச் சென்ற மாணவர், குஞ்சு பொரிக்கும் பருவத்தில் கடற்கரை விளக்குகளை மங்கச் செய்யவேண்டும் என்று கேட்கும்போது, அவர் கண்ட ஒன்றிலிருந்து அக்கோரிக்கை பிறக்கிறது.

அதே கடற்கரையில் இறந்து ஒதுங்கிய ஆமைகளையும் அவர் காணவேண்டியிருக்கிறது. 2025 சனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் அவ்வாறு ஒதுங்கின. நுரையீரலால் மூச்சுவிடும் ஆமை அவ்வப்போது நீருக்குமேல் வந்தாகவேண்டும்; இழுவை வலையில் நெடுநேரம் சிக்கினால் மூச்சுத்திணறி இறக்கும். இதைக் கேட்டவுடன் மீனவர்மேல் பழிபோடுவது எளிது. ஆனால், நடை முடியும் விடியற்காலையில் கட்டுமரத்தையும் சிறுபடகையும் கடலில் இறக்கும் மீனவரோடு பேசும் வாய்ப்பு அதே மாணவருக்குக் கிடைக்கிறது. கரையோரக் கடலில் இழுவைமடி ஓடினால் தங்கள் வலையும் அறுபடுகிறது, மீன்வளமும் குறைகிறது என்று அவர் சொல்வார். ஆமையின் சிக்கலும் சிறுமீனவரின் சிக்கலும் ஓரிடத்தில் சந்திப்பதைப் புரிந்துகொண்டவர் எளிதில் எவரையும் குற்றவாளியாக்கமாட்டார். தீர்வையும் எளிதாகச் சொல்லிவிடமாட்டார். இந்த நிதானமே கல்வியின் பயன்.

> தெரியுமா?
>
> செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை அவ்வூர் மக்கள் நெடுங்காலமாகக் காத்துவருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். பறவைகளைக் காக்கும் அவர்களின் உரிமையை 1798-இல் அன்றைய மாவட்ட ஆட்சியர் எழுத்துவடிவில் ஏற்றுக்கொண்டார். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை அடுத்துள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சாதிருக்கத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை.

எண்ணுதலும் எழுதுதலும்

பார்ப்பதோடு நின்றுவிட்டால் ஊர்வகுப்பு இனிய நினைவாக மட்டும் முடிந்துபோகும். பார்த்ததை எண்ணி எழுதிவைக்கும்போது அது அறிவாகிறது. 2015 முதல் பொங்கல் விடுமுறை நாள்களில் தமிழகமெங்கும் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடைபெற்று வருகிறது. வீட்டு மாடியிலோ வயல் வரப்பிலோ குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளைக் குறித்து இணையத்தில் பதிவு செய்தால் போதும். காகமும் மைனாவும் அப்பட்டியலில் இடம்பெறும். எளிய பறவைகளும் ஒருநாள் அரியவை ஆகிவிடக்கூடும் என்பதைச் சிட்டுக்குருவியைத் தேடும் நகரவாசிகள் அறிவார்கள்.

எழுதிவைத்தலுக்குச் சட்டத்திலும் இடமுண்டு. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, அவ்வூரின் உயிரினங்களையும் அவை பற்றிய மக்களறிவையும் தொகுத்து ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ உருவாக்கவேண்டும். அப்பணியில் பள்ளி மாணவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? தாத்தா பாட்டியிடம் கேட்க அவர்களுக்கு நேரமுண்டு; கேட்டதைப் பிழையின்றி எழுத அவர்கள் கற்றிருக்கிறார்கள்.

இத்தகைய பதிவு எவ்வளவு பெரிய துணை என்பதை மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி காட்டுகிறது. ஏழு குன்றுகளும் 72 ஏரிகளும் 200 இயற்கை ஊற்றுகளும் கொண்டது அப்பகுதி. ஏறத்தாழ 250 வகைப் பறவைகளும் தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பு போன்ற உயிர்களும் அங்கு வாழ்வது பதிவாகியுள்ளது. அதனால் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டது. 2024-இல் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் அறிவிக்கப்பட்டபோது மக்கள் எதிர்த்து நின்றனர். 2025 சனவரியில் அவ்வேலம் கைவிடப்பட்டது. ‘எங்கள் ஊர் அழகானது’ என்று மட்டும் அவர்கள் சொல்லியிருந்தால் அக்குரலின் வலிமை குறைந்திருக்கும். எத்தனை ஊற்று, எத்தனை ஏரி, எந்தெந்தப் பறவை என்று எண்ணிச் சொல்ல அவர்களால் முடிந்தது.

யார் ஆசிரியர்?

ஊர்வகுப்புக்கு ஆசிரியர் எங்கே என்று சிலர் கேட்பர். அவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். அவர்களை ஆசிரியராக மதிக்க நாம் பழகவில்லை.

இருளர் பழங்குடியினரைக் கருதுவோம். பாம்பின் தடத்தையும் வளையையும் கண்டறியும் நுட்பம் அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத்தோல் வணிகம் முடிவுக்கு வந்தபோது அவர்களின் வாழ்வு நெருக்கடிக்கு உள்ளானது. 1978-இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்துவிட்டுப் பாம்புகளை மீண்டும் காட்டிலேயே விடுகிறார்கள். பாம்புக்கடிக்கு மருந்து உருவாக்க அந்நஞ்சே மூலப்பொருள். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017-இல் அழைக்கப்பட்டனர். 2023-இல் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. உலகம் அழைத்துக் கேட்ட அறிவை அடுத்த தெருவிலுள்ள பள்ளி அழைத்துக் கேட்கக்கூடாதா?

இதில் நீதியும் அடங்கியிருக்கிறது. மாலையில் ஆடு மேய்க்கும் மாணவிக்கு எந்தத் தழையை ஆடு விரும்பும், எதை ஒதுக்கும், எது மருந்து என்பதெல்லாம் தெரியும். வகுப்பறையில் அந்த அறிவுக்கு மதிப்பெண் இல்லை. சில வேளைகளில் அது ஏளனத்துக்கும் ஆளாகிறது. ஏரிக்கரை வகுப்பில் அவளே முன்னால் நடப்பாள். மற்றவர்கள் அவளிடம் கேட்டு எழுதிக்கொள்வார்கள். தன் குடும்பத்தின் அறிவும் அறிவுதான் என்று ஒரு மாணவி உணர்வதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை.

உழவர்களும் அத்தகைய ஆசிரியர்களே. நம்மாழ்வார் கரூர் மாவட்டம் கடவூரை அடுத்து உருவாக்கிய வானகம், இயற்கை வேளாண்மையை நிலத்தில் நின்று கற்கும் களமாக விளங்குகிறது. அவர்வழி வந்த நெல் ஜெயராமன் 174 மரபு நெல்வகைகளை மீட்டெடுத்தார். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் உழவர்க்கு இரண்டு கிலோ விதைநெல் இலவசமாக வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதே நிபந்தனை. வெள்ளத்தைத் தாங்கும் காட்டுயானமும் உவர்நிலத்தில் விளையும் குழியடிச்சானும் அவ்வாறு கைமாறின. பெற்றதை இருமடங்காகத் திருப்பித் தருதல் என்னும் அந்த ஏற்பாடே நீடித்த வாழ்வுக்கான சிறந்த பாடம்.

ஆர்வத்துக்கு முன் அறிமுகம்

இயற்கைக்கு நன்மை செய்வதாக எண்ணித் தீமை செய்துவிட முடியும். நீலகிரியின் புல்வெளிகளை வெற்றிடம் என்று கருதிச் சீகை மரமும் தைல மரமும் நட்டார்கள். மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு மெல்ல விடுவது அப்புல்வெளிகளின் பணி என்பது பின்னரே பலருக்கும் விளங்கியது. விறகுக்காகப் பரப்பப்பட்ட சீமைக்கருவேல மரம் இன்று கண்மாய்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அடைத்து நிற்கிறது. எந்த நிலத்தில் எது இருக்கவேண்டும் என்று அறியாமல் மரம் நடுவது நன்மையாகிவிடாது என்பதற்கு இவை சான்று.

ஆண்டுக்கு ஒருநாள் கன்று நட்டு, படம் எடுத்துக்கொண்டு கலையும் விழாக்களைவிட, நட்ட ஒரே கன்றைக் கோடை முழுவதும் காப்பாற்றிய ஐந்து மாணவர்களின் குழு மேலானது. வாழ்முறை மாற்றமும் அத்தகையதே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் தடை உள்ளது. 2021 திசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. ஆயினும் ஏரிக்கரையில் கிடக்கும் குப்பையை ஒருமுறை தரம்பிரித்து எண்ணிப் பார்த்த மாணவருக்கே மஞ்சப்பையின் தேவை உள்ளத்தில் பதிகிறது. காய்கறிக் கழிவை மண்ணோடு கலந்து உரமாக்குதல், மழைநீர் செல்லும் வழியை அடைக்காதிருத்தல், பருவத்தில் விளையும் காய்களை உண்ணுதல் ஆகியவை நம் பாட்டிமார் எளிதாகச் செய்தவை. அவற்றைப் புதிய கண்டுபிடிப்புகளாகப் பறைசாற்றாமல், கைப்பழக்கமாக மீட்டெடுத்தாலே போதும்.

தடைகளும் விடைகளும்

இக்கருத்துக்கு மறுப்புகள் உண்டு. அவை புறக்கணிக்கத்தக்கவை அல்ல. பொதுத்தேர்வும் நுழைவுத்தேர்வும் நெருங்கும் பருவத்தில் ஏரிக்கரைக்குச் செல்ல நேரமேது என்பது முதல் மறுப்பு. மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் என்பது எந்த மாணவரின் மதிப்பெண்ணையும் குறைத்துவிடாது. தாவரவியலும் விலங்கியலும் புவியியலும் படிப்பவர்க்கு அது பாடத்தோடு இணைந்த செய்முறையே ஆகும். வணிகவியல் மாணவர் மீன்சந்தையின் விலையேற்றத்தை ஆராயலாம். தமிழ் மாணவர் ஊர்ப்பெயரையும் மரப்பெயரையும் தொகுக்கலாம்.

பாதுகாப்பு குறித்த அச்சம் இரண்டாவது மறுப்பு. இது மெய்யான கவலை. நீர்நிலைகளில் மாணவர்கள் மூழ்கி இறந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஆகவே நீரில் இறங்காமை, பெரியவர் துணை, பகல்நேரம், முதலுதவிப் பெட்டி, பெற்றோர் ஒப்புதல் ஆகியவை மீறக்கூடாத விதிகளாக இருக்கவேண்டும். தாய்மாரும் ஆசிரியைகளும் உடன்வரும் ஏற்பாடு இருந்தால் பெண்குழந்தைகளை வீட்டார் தயங்காமல் அனுப்புவர். பார்வைக்குறைபாடுடைய மாணவர்க்குப் பறவைகளின் குரலே பாடமாகும்.

இவையெல்லாம் தொலைநோக்கியும் ஓய்வும் உடைய நகரத்தாரின் பொழுதுபோக்கு என்பது மூன்றாவது மறுப்பு. இன்றைய நிலையில் இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதனாலேயே இவ்வகுப்புகள் அரசுப்பள்ளிகளின் வழியாக நடைபெறவேண்டும் என்கிறேன். கட்டணம் கட்டி மலைவாழிடம் செல்பவர்க்கு மட்டும் இயற்கைக் கல்வி என்று ஆகிவிட்டால், ஏரி வற்றினால் முதலில் துன்புறும் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு அதில் இடமில்லாமற் போகும். நடந்தே செல்லக்கூடிய தொலைவில் உள்ள இடம், ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், ஊரறிந்த ஒருவர் ஆகியவை இருந்தால் வகுப்பு தொடங்கிவிடலாம்.

ஒரே இடம், ஓராண்டுக் காலம்

எனவே ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியும் தன் அருகிலுள்ள ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அது ஏரியாகவோ ஓடையாகவோ கோயில் நந்தவனமாகவோ இருக்கலாம். பல இடங்களை ஒருமுறை காண்பதைவிட, ஒரே இடத்தை ஆண்டு முழுவதும் காண்பது நல்லது. ஆடியில் வறண்டு கிடந்த ஏரி கார்த்திகையில் நிரம்புவதையும், தையில் வலசைப்பறவைகள் வந்திறங்குவதையும், பங்குனியில் நீர் குறையக் குறைய நாரைகள் சேற்றில் கூடுவதையும் அப்போதுதான் காணமுடியும். நீர்மட்டம், பறவைகள், மரங்களின் பூப்பு, குப்பையின் அளவு ஆகியவற்றை மாதந்தோறும் எழுதிவைத்தால், பத்தாண்டுகளில் அப்பள்ளியிடம் வேறெங்கும் கிடைக்காத ஆவணம் ஒன்று இருக்கும்.

அந்த ஆவணத்துக்குச் செல்லுமிடமும் உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபைக் கூட்டங்கள் நடத்தப்படுகின்றன. அவற்றுள் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச்சு 22 அன்று கூடுகிறது. தம் ஊர் ஏரியின் ஓராண்டுக் குறிப்பை அக்கூட்டத்தில் மாணவர்கள் படித்துக்காட்டலாம். வரத்துவாய்க்கால் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது, கழிவுநீர் எங்கே கலக்கிறது என்று நாளும் அளவும் குறித்துச் சொல்லப்படும் செய்தியை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் தகுதி பெற்றது. ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரந்திருந்த அந்நிலத்தில் அப்போது எஞ்சியிருந்தது ஏறத்தாழ 1,247 ஹெக்டேரே. சுருங்கிவந்த காலமெல்லாம் அதை ஆண்டுதோறும் அளந்து, ஊரார்முன் படித்துக்காட்டியிருந்தால் இன்னும் சற்று மிகுதியாக எஞ்சியிருக்கும் என்று நம்ப இடமுண்டு.

பதினோராம் வகுப்பு மாணவர்கள் இன்னும் ஈராண்டில் வாக்குரிமை பெறுவார்கள். பலர் கல்லூரிக்காகவும் வேலைக்காகவும் ஊரைவிட்டுச் செல்வார்கள். அதற்குமுன் தம் ஊரின் நீர்வழியையும் மரங்களையும் பறவைகளையும் அவற்றை அறிந்த மனிதர்களையும் அவர்கள் அறிந்துகொள்ளவேண்டும். எங்குச் சென்று குடியேறினாலும், அந்த ஊரின் ஏரி எங்கே இருக்கிறது, அதற்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் பழக்கம் அவர்களோடு செல்லும்.